மின்னணு ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் கோப்பு இணைப்பதும் பராமரிப்பதும்: செம்பனை ஆலைக்கான முழுமையான வழிகாட்டி

குறிப்பேட்டு மென்பொருளில் தட்டெழுதுவதைப் புதியவர்கள் ஒரே நாளில் பழகிவிடுகிறார்கள். கோப்பு இணைக்கும்போதுதான் தடுமாற்றம். மலேசியாவின் தெலுக் இந்தான் வட்டாரச் செம்பனை ஆலை ஆய்வுக்கூடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தராசு, டைட்ரேஷன் மேசை, ஸ்பெக்ட்ரோமீட்டர், உலர்த்தும் அடுப்பு, பிஓடி (கழிவுநீரின் உயிரிய ஆக்சிஜன் தேவை) இன்குபேட்டர் எல்லாம் இருக்கும். ஒவ்வொரு ஷிப்டிலும் இவற்றிலிருந்து படம், சிஎஸ்வி, பிடிஎஃப், எக்செல் என்று பத்து இருபது கோப்புகள் சேரும்.

ஆறு மாதம் கழித்து ஆடிட்டர் வந்து, "மார்ச் 14, இரண்டாம் டேங்க், எஃப்எஃப்ஏ 3.95 என்று போட்டிருக்கிறீர்களே, எங்கிருந்து வந்தது?" என்று கேட்பார். எஃப்எஃப்ஏ என்பது எண்ணெயில் உள்ள கட்டற்ற கொழுப்பமிலத்தின் அளவு. அந்த எண்ணிலிருந்து இரண்டு நிமிடத்தில் தராசுப் படம்வரை போய்க் காட்ட முடிய வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான்.

உங்கள் ஆலையில் இருக்கும் குறிப்பேட்டு மென்பொருள் ஈலேப்எஃப்டிடபிள்யூவாக இருக்கலாம், லேப்ஆர்கைவ்ஸாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். பொத்தான்களின் பெயரும் இடமும் மாறும். வேலையின் வரிசை மாறாது.

1. உட்காரும் முன் தயாராக இருக்க வேண்டியவை

முதலில் உங்கள் சொந்தக் கணக்கு. "ஷிப்ட் ஏ" என்று ஒரு பொதுக் கணக்கு வைத்துக்கொண்டு நான்கு பேர் உள்ளே போகும் வழக்கம் பல இடங்களில் உண்டு. யார், எப்போது, எதை இணைத்தார், எதை மாற்றினார் என்று மென்பொருள் தானே எழுதி வைக்கும் தடப்பதிவு அதனால் பயனற்றுப் போகிறது. நான்கு பேரில் யார் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. பெயர் வராத கணக்கில் ஒரு கோப்பைக்கூட இணைக்காதீர்கள்.

அடுத்தது கடிகாரம். ஸ்பெக்ட்ரோமீட்டரோடு இருக்கும் கணினி பெரும்பாலும் இணையத்தில் சேராத பழைய கணினி. அதன் கடிகாரம் மாதத்துக்குச் சில நிமிடங்கள் தள்ளிப் போகும். உள்பேட்டரி செத்துவிட்டால் மின்சாரம் போய் வரும் ஒவ்வொரு முறையும் பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். திங்கட்கிழமை காலை கைத்தொலைபேசி நேரத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்துவிட்டு, வித்தியாசம் எவ்வளவு இருந்தது என்பதையும் கருவிப் பதிவில் எழுதுங்கள்.

சர்வரின் நேர மண்டலத்தையும் நிர்வாகியிடம் கேட்டு வையுங்கள். மலேசிய நேரம் உலகப் பொதுநேரத்தைவிட 8 மணி முன்னே. சர்வர் பொதுநேரத்தில் ஓடினால், இரவு ஷிப்ட் முடியும்போது காலை 7.30க்கு நீங்கள் இணைத்த கோப்பு முந்தைய நாள் இரவு 11.30 என்று பதிவாகும். இது தெரியாமல் "யாரோ தேதியை மாற்றிவிட்டார்கள்" என்று சண்டை போட்ட ஷிப்டுகள் நிறைய.

கடைசியாக, ஆய்வுக்கூடத்துக்கென்று தனியாக ஒரு பென்டிரைவ். வீட்டில் பாட்டு ஏற்றிய பென்டிரைவைக் கருவிக் கணினியில் செருகக் கூடாது. அந்தக் கணினியில் வைரஸ் தடுப்பு புதுப்பிக்கப்படாமல்தான் இருக்கும். ஒரு வைரஸ் ஏறினால் கருவியோடு சேர்த்து அத்தனை பழைய ரீடிங்குகளும் போகும்.

2. முதலில் பதிவைத் திறங்கள், பிறகு மாதிரியைத் தொடுங்கள்

புதியவர்கள் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். சோதனையை முடிக்கிறார்கள், போனில் படம் எடுக்கிறார்கள், ஷிப்ட் முடிய அரை மணி இருக்கும்போது கணினி முன் உட்காருகிறார்கள். போனில் பதினொரு பியூரெட் (டைட்ரேஷனில் திரவத்தை அளக்கும் குழாய்) படம் இருக்கும். எல்லாம் ஒரே மாதிரி, பின்னால் அதே வெள்ளைச் சுவர். எது இரண்டாம் டேங்க், எது மூன்றாம் டேங்க் என்று நினைவிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

பதிவை முதலில் திறந்தால் மென்பொருள் ஓர் எண் கொடுக்கும். 418 என்று வைத்துக்கொள்வோம். அந்த எண்ணை மாதிரிக் குப்பியின் சீட்டில் மார்க்கரால் எழுதுங்கள். படம் எடுக்கும்போது அந்தச் சீட்டும் படத்துக்குள் விழ வேண்டும். தராசுப் படத்தில் எண் 418, பியூரெட் படத்தில் எண் 418. பிறகு கோப்பின் பெயரே தொலைந்தாலும் படம் எந்தப் பதிவைச் சேர்ந்தது என்று தெரியும்.

பியூரெட்டைப் படமெடுக்கும்போது போன் திரவமட்டத்தின் உயரத்திலேயே இருக்கட்டும். மேலிருந்து சாய்த்து எடுத்த படத்தில் 7.65 மில்லி 7.55 போலத் தெரியும். சான்றாக வைத்த படமே உங்களுக்கு எதிராகப் பேசும். எளிதில் தீப்பற்றும் ஹெக்சேன் திறந்திருக்கும் மேசையில் மட்டும் போனை எடுக்காதீர்கள். குப்பியை மூடி வைத்த பிறகு படம்.

ஒரு பதிவில் எவ்வளவு போடலாம்? ஒரு மாதிரி, ஒரு சோதனை என்பது பாதுகாப்பான அளவு. அன்றைய எல்லா டேங்குக்கும் எஃப்எஃப்ஏ ஒரே பதிவில் போடுவதும் சரிதான், படங்களில் டேங்க் எண் இருந்தால். "மார்ச் மாதம்" என்று ஒரே பதிவைத் திறந்து முப்பத்தொரு நாள் கோப்புகளையும் அதில் கொட்டுவதுதான் கூடாது. அதைப் பூட்டவும் முடியாது, தேடவும் முடியாது.

3. பெயர் வைப்பது

மென்பொருளுக்குள் ஏற்றும் முன்பே பெயரை மாற்றிவிடுங்கள். ஏற்றிய பிறகு மாற்றினால் சில மென்பொருள்களில் உங்கள் கணினியில் உள்ள நகலுக்கு ஒரு பெயர், குறிப்பேட்டில் ஒரு பெயர் என்று ஆகிவிடும்.

நல்ல அமைப்பு: தேதி, பதிவு எண், மாதிரி, சோதனை, வகை. எடுத்துக்காட்டு:

20250314_0418_டேங்க்2_எஃப்எஃப்ஏ_தராசு

தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் வைப்பதற்குக் காரணம் உண்டு. பெயர் வரிசைப்படி அடுக்கினாலே அது கால வரிசையாகவும் ஆகிவிடும். 14032025 என்று வைத்தால் எல்லா மாதத்தின் 14ஆம் தேதிகளும் ஒன்றாகப் போய் நிற்கும். எண்ணின் முன்னால் சுழியமும் அதற்காகத்தான். இல்லாவிட்டால் 1000, 418க்கு முன்னால் போய் உட்காரும்.

இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு. சாய்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, மேற்கோள் குறி, செங்குத்துக்கோடு ஆகியவற்றை விண்டோஸ் கோப்புப் பெயரில் ஏற்காது. "புதுசு", "கடைசி", "கடைசி2" போன்ற சொற்களையும் சேர்க்காதீர்கள். எது கடைசி என்பதைக் குறிப்பேட்டின் பதிப்பு வரலாறு சொல்லும்.

மேலே புரிவதற்காகத் தமிழில் எழுதியிருக்கிறோம். உண்மையான கோப்புப் பெயரை ஆங்கில எழுத்தில் வைப்பதே நல்லது. தமிழ்மேல் குறையில்லை, யூனிகோட் அப்படி. "கொ" என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாக, அல்லது ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாக. திரையில் இரண்டும் ஒன்றுதான். தேடும் மென்பொருளுக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். மேக் கணினி, விண்டோஸ், போன் என்று கோப்பு சுற்றி வரும்போது இந்தக் குறியீடு மாறிவிட வாய்ப்புண்டு. "கொதிகலன்" என்று தேடினால் கண்ணுக்கு எதிரே இருக்கும் கோப்பு கிடைக்காது. தமிழை விளக்கத்திலும் பதிவின் உடலிலும் தாராளமாக எழுதுங்கள். அங்கே படிக்கப்போவது மனிதர்.

4. மூலக் கோப்பைத் தொடாமல் எடுப்பது

மூலக் கோப்பு என்றால் கருவி முதலில் கொடுத்தது. ஸ்பெக்ட்ரோமீட்டர் மென்பொருள் தன் சொந்த வடிவத்தில் ஒரு கோப்பு வைத்திருக்கும். அதிலிருந்து சிஎஸ்வியாகவும் எடுக்கலாம். இரண்டையும் இணையுங்கள். சொந்த வடிவத்தில் ஸ்கேன் வேகம், பேஸ்லைன், கருவி அமைப்பு எல்லாம் இருக்கும். ஆனால் அந்த மென்பொருள் இல்லாத இடத்தில் திறக்காது. சிஎஸ்வி எங்கும் திறக்கும், ஆனால் எண்கள் மட்டும்தான் இருக்கும்.

திரையைப் படம்பிடித்து அதை மட்டும் இணைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. கச்சா செம்பனை எண்ணெயின் தரம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் டோபி கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 0.1 கிராம் எண்ணெயை 25 மில்லி கரைப்பானில் கரைத்து, 446 நானோமீட்டர் உறிஞ்சலை 269 நானோமீட்டர் உறிஞ்சலால் வகுக்கிறோம். 0.612ஐ 0.235ஆல் வகுத்தால் 2.60. திரையைப் பிடித்த படத்தில் அந்த இரண்டு எண்கள் மட்டும் தெரியும். 269 அருகே வளைவு ஏன் கோணலாக இருந்தது, மாதிரியை ஊற்றும் குவெட் அழுக்கா, பேஸ்லைன் எடுக்கவில்லையா என்று பிறகு பார்க்க முழு ஸ்கேன் கோப்பு வேண்டும்.

போன் படங்களைப் புலனம் (வாட்ஸ்அப்) வழியாக அனுப்பாதீர்கள். புலனம் படத்தைச் சுருக்குகிறது, எடுத்த நேரத்தைப் படத்திலிருந்து நீக்குகிறது, பெயரையும் மாற்றுகிறது. தராசின் மூன்றாவது தசம இலக்கம் மங்கிப்போன படம் சான்றாகாது. வேறு வழியே இல்லை என்றால் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். அப்போது கோப்பு அப்படியே வரும். இதைவிட நல்லது, குறிப்பேட்டைப் போனின் உலாவியிலேயே திறந்து நேரடியாக ஏற்றுவது.

ஐபோன் வைத்திருப்பவர்கள் கேமரா அமைப்பில் ஜேபிஜி எடுக்கும்படி மாற்றிக்கொள்ளுங்கள். அதன் வழக்கமான ஹெச்இஐசி வடிவம் பல அலுவலகக் கணினிகளில் திறக்காது.

5. எக்செல் செய்யும் சேட்டைகள்

இதற்குத் தனிப் பகுதி தேவைப்படுகிறது, ஏனென்றால் ஆலை ஆய்வுக்கூடத்தில் மூலக் கோப்பு கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்தால் எக்செல் அதைப் படிப்பதோடு நிற்காது, திருத்தவும் செய்யும். மாதிரி எண் 0418 என்றிருந்தால் 418 ஆகிவிடும். 03/04 என்ற தேதி, கணினியின் வட்டார அமைப்பைப் பொறுத்து ஏப்ரல் 3ஆகவோ மார்ச் 4ஆகவோ மாறும். மாதிரிக்கு 5ஈ2 என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்திருந்தால், அதை அறிவியல் எண் என்று நினைத்து 500 ஆக்கிவிடும். மூடும்போது சேமிக்கவா என்று கேட்கும். பழக்கத்தில் ஆம் என்று அழுத்தினால் மூலம் போய்விட்டது, திரும்பி வராது.

ஆகவே கருவியிலிருந்து வந்த சிஎஸ்வியை முதலில் குறிப்பேட்டில் இணையுங்கள். பிறகு ஒரு நகலை எடுத்து எக்செலில் வேலை செய்யுங்கள். வரிசை மாறக் கூடாத இடம் இதுதான். நகலைத் திறக்கும்போதும் இரட்டைச் சொடுக்கு வேண்டாம். எக்செலின் தரவு இறக்குமதி வழியாகத் திறந்து, மாதிரி எண் நிரலை எழுத்து வகை என்று குறித்துவிடுங்கள். தமிழில் குறிப்பு எழுதிய சிஎஸ்வி கட்டம் கட்டமாகத் தெரிந்தாலும் மருந்து இதேதான். இறக்குமதியில் யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் எழுத்து சரியாக வரும்.

6. இணைப்பதும் சரிபார்ப்பதும்

பதிவு 418ஐத் திறந்து, கோப்பை இழுத்து இணைப்புப் பகுதியில் விடுங்கள். பல கோப்புகளை ஒன்றாகவும் விடலாம், ஆனால் இணையம் மெதுவாக இருக்கும் நேரத்தில் ஒவ்வொன்றாக விடுவது மேல். பத்தில் ஏழு ஏறி மூன்று தவறினால் எந்த மூன்று என்று தேட வேண்டியிருக்கும்.

இணைப்புப் பகுதியில் விடுவதும், எழுதும் இடத்தில் படத்தை ஒட்டுவதும் வேறு வேறு. எழுதும் இடத்தில் ஒட்டும்போது பல மென்பொருள்கள் மூலப் பெயரை விட்டுவிட்டுத் தாங்களே ஒரு பெயர் வைத்துக்கொள்கின்றன. முதலில் இணையுங்கள், பிறகு அந்த இணைப்பை உரைக்குள் செருகுங்கள்.

ஏறி முடிந்ததும் மூன்று விஷயம் பாருங்கள்.

முதலாவது, அளவு. கணினியில் 4.1 எம்பி, குறிப்பேட்டில் 0 என்றால் பாதி வழியில் அறுந்துவிட்டது. மின்சாரம் விட்டு விட்டு வரும் நாளில் இது சாதாரணம்.

இரண்டாவது, திறக்கிறதா. குறிப்பேட்டிலிருந்தே பதிவிறக்கித் திறந்து பாருங்கள். கணினியில் உள்ள நகலைத் திறந்துவிட்டுச் சரி என்று சொல்லாதீர்கள்.

மூன்றாவது, கைரேகை எண். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் 64 எழுத்து நீள எஸ்ஹெச்ஏ-256 மதிப்பு அது. ஒரே ஒரு எழுத்து மாறினாலும் மதிப்பு முழுவதும் மாறிவிடும். ஈலேப்எஃப்டிடபிள்யூ போன்றவை ஏற்றும்போதே இதைக் கணக்கிட்டு வைக்கும். உங்கள் கணினியில் செவன்-ஜிப் இருந்தால் கோப்பின்மேல் வலது சொடுக்கிலேயே இந்த மதிப்பு கிடைக்கும். தினமும் எல்லாக் கோப்புக்கும் பார்க்க வேண்டியதில்லை. வாடிக்கையாளருக்கு அனுப்பும் முடிவு, அரசுத் துறைக்குப் போகும் கழிவுநீர் முடிவு ஆகியவற்றின் மூலக் கோப்புக்குப் பார்த்தால் போதும்.

கோப்புக்குப் பதில் கூகுள் டிரைவ் முகவரியை ஒட்டிவிட்டுப் போவதை ஏற்காதீர்கள். அந்த டிரைவ் யாரோ ஒருவரின் சொந்தக் கணக்கில் இருக்கும். அவர் வேலையை விட்டுப் போன மறுமாதம் முகவரி செத்துவிடும்.

7. ஒரு வரி விளக்கம்

ஒவ்வொரு இணைப்புக்கும் விளக்கம் எழுத ஓர் இடம் இருக்கும். "படம்" என்று எழுதினால் எழுதாததற்குச் சமம். "டேங்க் 2, முதல் டைட்ரேஷன், இறுதி ரீடிங் 7.65 மில்லி, சீட்டு படத்தில் உள்ளது" என்று எழுதினால் திறக்காமலே தெரியும். தேடுபொறி படத்துக்குள் படிக்காது, இந்த வரியைத்தான் படிக்கும்.

பகல் ஷிப்டுக்கு வந்தவர், "அண்ணே, நேத்து ராத்திரி டேங்க் ரெண்டு படத்த எங்க போட்டீங்க?" என்று போன் போட்டு உங்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பினால், அந்த வரி எழுதப்படவில்லை என்று பொருள்.

8. ஒரே கோப்பைப் பத்து இடத்தில் ஒட்டாதீர்கள்

தராசின் அளவுத்திருத்தச் சான்றிதழ், சோடியம் ஹைட்ராக்சைடின் செறிவு கண்ட பதிவு, சோதனை முறை ஆவணம் ஆகியவை எல்லாச் சோதனைக்கும் பொதுவானவை. புதியவர்கள் பொறுப்பாக இருப்பதாக நினைத்து ஒவ்வொரு பதிவிலும் சான்றிதழின் பிடிஎஃப் நகலை இணைப்பார்கள். அடுத்த ஆண்டு புதுச் சான்றிதழ் வரும்போது எந்தப் பதிவில் எந்த நகல் என்ற குழப்பம் தொடங்கும்.

தராசுக்கென்று ஒரு கருவிப் பதிவு திறந்து, சான்றிதழை அங்கே ஒரே முறை இணையுங்கள். சோதனைப் பதிவிலிருந்து அந்தக் கருவிப் பதிவுக்குத் தொடுப்பு கொடுங்கள். செறிவும் அப்படித்தான். பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டை வைத்து 0.1012 நார்மல் என்று கண்டுபிடித்த நாளின் பதிவு ஒன்று இருக்கும். அந்தப் புட்டி தீரும்வரை எல்லா எஃப்எஃப்ஏ பதிவும் அதற்குத் தொடுப்பு வைக்கும். புட்டி மாறினால் தொடுப்பும் மாறும். புட்டியின் மேல் அந்தப் பதிவு எண்ணை எழுதி வைத்தால் தேட வேண்டியதே இல்லை.

9. தவறு நேர்ந்தால்: அழிக்காமல் திருத்துவது

எஃப்எஃப்ஏ கணக்கு இது: 25.6 பெருக்கல் செறிவு பெருக்கல் பியூரெட் அளவு, வகுத்தல் மாதிரியின் எடை. செறிவு 0.1012, பியூரெட் 7.65 மில்லி, எடை 5.02 கிராம் என்றால் 3.95 விழுக்காடு வரும். எக்செலில் எடையை 5.20 என்று மாற்றித் தட்டினால் 3.81. கச்சா செம்பனை எண்ணெய்க்கு வழக்கமான உச்சவரம்பு 5 விழுக்காடு என்பதால் இரண்டுமே "பாஸ்". அதனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். தராசுப் படம்தான் காட்டிக்கொடுக்கும்.

இப்போது கை தானாக அழிக்கும் பொத்தானுக்குப் போகும். நிறுத்துங்கள். ஆய்வுக்கூடங்களுக்கான ஐஎஸ்ஓ 17025 தரம் கேட்பது இதற்கு நேர்மாறு: முதலில் இருந்ததும் இருக்க வேண்டும், திருத்தியதும் இருக்க வேண்டும், யார் எப்போது எதை மாற்றினார் என்றும் தெரிய வேண்டும். ஆய்வுக்கூடம் சாம் (மலேசிய ஆய்வுக்கூட அங்கீகாரத் திட்டம்) அங்கீகாரம் வாங்கியதாக இருந்தாலும், வாங்கப் போவதாக இருந்தாலும் இது பொருந்தும்.

செய்ய வேண்டியது: இணைப்பின் பட்டியிலிருந்து மாற்று என்பதைத் தேர்ந்து, திருத்திய எக்செலை ஏற்றுங்கள். பழையது காப்பகத்துக்குப் போகும், அழியாது. விளக்கத்தில், "எடை 5.20 என்று தவறாகத் தட்டப்பட்டது, தராசுப் படத்தின்படி 5.02, முடிவு 3.81இலிருந்து 3.95" என்று எழுதுங்கள். பதிவின் உடலிலும் அதே வரி. உங்கள் மென்பொருளில் மாற்றும் வசதி இல்லாவிட்டால், புதுக் கோப்பைப் பெயரில் "_தி1" என்று சேர்த்துத் தனியாக இணைத்து, பழையதன் விளக்கத்தில் "பயன்படுத்த வேண்டாம்" என்று எழுதுங்கள்.

தராசுப் படத்தை, அதாவது மூலக் கோப்பை, எந்தக் காரணத்துக்காகவும் மாற்றாதீர்கள். படம் மங்கலாக இருக்கிறது என்று மறுநாள் தராசில் வேறு எதையோ வைத்து 5.02 வரவழைத்துப் படமெடுத்தால் அது மோசடி. மங்கலான படம் மங்கலாகவே இருக்கட்டும். எழுதிய ரீடிங் இருக்கிறது, அது போதும்.

தவறான பதிவில் தவறான கோப்பைப் போட்டுவிட்டால்? அங்கே காப்பகத்துக்கு அனுப்பி, "418க்கு உரியது, அங்கே இணைக்கப்பட்டது" என்று எழுதிவிட்டு, சரியான பதிவில் மீண்டும் இணையுங்கள்.

10. பிஓடி: இரண்டு தேதி உள்ள பதிவு

ஆலைக் கழிவுநீருக்கு மலேசியாவில் பிஓடியை 3 நாள், 30 டிகிரி செல்சியஸில் பார்க்கிறோம். 1977ஆம் ஆண்டு கச்சா செம்பனை எண்ணெய் ஒழுங்குவிதிகளிலிருந்து வரும் முறை அது. வேறு நாட்டுப் பாடநூலைப் பார்த்துவிட்டு 5 நாள், 20 டிகிரி வார்ப்புருவை அப்படியே குறிப்பேட்டில் ஏற்றிவிடுபவர்கள் உண்டு. வார்ப்புருவைத் திறந்தவுடன் இதைப் பாருங்கள்.

இந்தச் சோதனையில் கோப்புகள் இரண்டு தவணையில் வரும். 2025 மார்ச் 14, வெள்ளிக்கிழமை இன்குபேட்டரில் வைக்கிறோம்: முதல் கரைந்த ஆக்சிஜன் ரீடிங், நீர்ப்பு விகிதம் எழுதிய தாள், குப்பி எண்கள் தெரியும் படம். 17, திங்கட்கிழமை இறுதி ரீடிங். இடையில் ஷிப்ட் மாறியிருக்கும், ஆளும் மாறியிருப்பார். புதிய ஆள் திங்களன்று புதுப் பதிவு திறந்து இறுதி ரீடிங்கை அங்கே போடுவார். முதல் பாதி ஒரு பதிவில், இரண்டாம் பாதி வேறொன்றில்.

வெள்ளியன்றே இன்குபேட்டர் கதவில் பதிவு எண்ணை ஒட்டுங்கள். அதே பதிவில் "17 மார்ச், காலை 10.00, இறுதி ரீடிங்" என்று காலியாக ஒரு தலைப்பும் வையுங்கள். கோப்புப் பெயரின் தொடக்கத்தில் ரீடிங் எடுத்த தேதியைப் போடுங்கள், மாதிரி எடுத்த தேதி பதிவின் தலைப்பில் இருக்கட்டும். கடைசியில் "_நாள்0", "_நாள்3" என்று சேர்த்தால் இரண்டும் பிரிந்து தெரியும்.

பதிவை வெள்ளியன்றே பூட்டிவிடாதீர்கள். சில மென்பொருளில் பூட்டியவர் மட்டுமோ நிர்வாகியோதான் திறக்க முடியும். திங்கள் காலை குப்பி இன்குபேட்டரில், பூட்டியவர் விடுப்பில் என்றால் ரீடிங் துண்டுத்தாளுக்குப் போய்விடும்.

வியாழன் வைத்தால் ஞாயிறு ரீடிங் என்பதும் நினைவிருக்கட்டும். இது கோப்புப் பிரச்சினை இல்லைதான், ஆனால் "ஞாயிறு யாரும் இல்லை, திங்கள் எடுத்து ஞாயிறு தேதி போட்டோம்" என்பதைக் கருவியின் நேரமுத்திரை அப்படியே காட்டிவிடும்.

11. பூட்டுவது, நேரமுத்திரை

எல்லாக் கோப்பும் இணைத்து, மேற்பார்வையாளர் பார்த்து முடித்த பிறகே பூட்டு. நேரமுத்திரை வசதி இருந்தால் அதற்கும் அதே வரிசை. நேரமுத்திரை பதிவின் கைரேகையை மட்டும் வெளியே உள்ள நம்பகச் சேவைக்கு அனுப்பி, இந்த நேரத்தில் இது இப்படி இருந்தது என்று கையெழுத்து வாங்கி வரும். உள்ளடக்கம் வெளியே போகாது. ஆகவே, "ஆலைத் தகவல் கசியுமே" என்று பயப்பட வேண்டியதில்லை, ஆனால் இணையம் வேண்டும்.

12. இடமும் காப்பு நகலும்

ஒரு படம் 4 எம்பி, நாளுக்கு 20 படம், ஆண்டுக்கு 300 வேலைநாள் என்றால் 24 ஜிபி. படத்தின் தரத்தைப் போனில் நடுத்தர அளவுக்கு வைத்தால் பாதியாகக் குறையும், இலக்கங்கள் இன்னும் தெளிவாகத் தெரியும். தேவையில்லாமல் ஒரே பியூரெட்டை ஐந்து முறை எடுத்து ஐந்தையும் ஏற்றாதீர்கள்.

பதிவைப் பிடிஎஃபாக எடுத்து வைத்தால் காப்பு நகல் ஆகிவிட்டது என்று நினைப்பது பெரிய தவறு. பிடிஎஃபில் உரை இருக்கும், படங்கள் சில இருக்கும். சிஎஸ்வியும் ஸ்பெக்ட்ரோமீட்டர் கோப்பும் பெரும்பாலும் பெயராக மட்டுமே வரும். இணைப்புகளோடு எடுக்க ஜிப் ஏற்றுமதி வேண்டும். ஈஎல்என் என்ற பொது வடிவத்தில் எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. அதுவும் ஒரு ஜிப்தான். உள்ளே கோப்புகளோடு எந்தக் கோப்பு எந்தப் பதிவைச் சேர்ந்தது என்ற விவரமும் இருக்கும், வேறு மென்பொருளுக்கு மாறும்போது கைகொடுக்கும்.

மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று ஆலைக்கு வெளியே என்ற பழைய கணக்கு இங்கும் சரி. சர்வர் ஆலை அலுவலகத்தில், வெளித்தட்டு அதே அலமாரியில் என்றால் வெள்ளமோ தீயோ இரண்டையும் ஒன்றாகக் கொண்டுபோகும். வெளித்தட்டு நகர அலுவலகத்தில் இருக்கட்டும்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை காப்பு நகலிலிருந்து ஏதாவது ஒரு பதிவை எடுத்து, இணைப்புகளைத் திறந்து, கைரேகை எண்ணை ஒப்பிடுங்கள். திறந்து பார்க்காத நகலை நம்பி எதையும் அழிக்க வேண்டாம்.

13. அடிக்கடி வரும் தடைகள்

கோப்பு ஏறவில்லை, பிழைச் செய்தியும் இல்லை: பெரும்பாலும் அளவு வரம்பு. வரம்பைச் சர்வரில் நிர்வாகிதான் மாற்ற முடியும். அதுவரை கோப்பைத் துண்டாக்கி ஏற்றாதீர்கள், துண்டு ஒன்று விடுபட்டால் முழுவதும் வீண். அதைப் பகிர்வுக் கோப்புறையில் வைத்து, இடத்தையும் கைரேகை எண்ணையும் பதிவில் எழுதுங்கள்.

ஒருவர் எழுதியது இன்னொருவர் சேமித்ததும் காணாமல் போனது: இருவரும் ஒரே பதிவைத் திறந்து வைத்திருந்தார்கள். பதிப்பு வரலாற்றில் பழையது இருக்கும். இணைத்த கோப்புகள் இதில் பொதுவாகப் பாதிக்கப்படாது.

கோப்பு இருக்கிறது, உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை: அனுமதி அமைப்பு. பதிவு "நான் மட்டும்" என்றிருக்கும். வார்ப்புருவிலேயே "குழு" என்று மாற்றி வைத்தால் மறுபடி வராது.

ஆள் வேலையை விட்டுப் போகிறார்: அவர் கணக்கை முடக்கச் சொல்லுங்கள், அழிக்கச் சொல்லாதீர்கள். போகும் முன் அவருடைய திறந்த பதிவுகளைப் பட்டியலிட்டு, பிஓடி போல நடுவில் நிற்பவற்றை வேறொருவர் பெயருக்கு மாற்றுங்கள். அவர் போனில் இன்னும் ஏற்றாத படங்கள் இருக்கின்றனவா என்று கடைசி ஷிப்டில் உட்கார வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.